பச்சோந்தியும் கூடும்

“வேலிக்கு ஓணான் சாட்சி” என்பது நம்மவர் வழக்கு. ஓணானுக்கு ஏறியிருக்க வேலியும் வேண்டும், தலையசைத்துக் காட்ட வெயிலும் வேண்டும். எல்லாரும் தன்னைக் காணவேண்டும் என்பதே அதன் விருப்பம் போலும். பச்சோந்தியின் இயல்பு இதற்கு முற்றும் மாறானது. அது நம் வேலியிலேயே இருந்தாலும் ஒருவருக்கும் சாட்சியாக மாட்டாது. நாள்தோறும் அவ்வேலியைக் கடந்து செல்பவரும் அங்கே பச்சோந்தி இல்லை என்று சத்தியம் செய்வார்.

இத்தகைய பிராணியைக் கூட்டிலிட்டு வளர்ப்பது எங்ஙனம், அக்கூட்டில் அது மனநிறைவோடு இருக்கின்றதா என்று அறிவது எங்ஙனம் என எம்மை வினவிச் சென்ற ஆண்டில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நம் கல்லூரியின் பழைய மாணவர். இப்பொழுது கனடாவில் வாழ்பவர். அவருடைய மகள் பிறந்தநாட் பரிசாக ஒரு பச்சோந்தியைப் பெற்றிருக்கின்றாள். “ஐயா, அது ஆடாமல் அசையாமல் இருக்கின்றது. சந்தோஷமாக இருப்பதால்தான் அமைதியாக இருக்கின்றது என்று மகள் சொல்கின்றாள். எனக்கு ஐயமாக இருக்கின்றது. எங்களுக்கு விலங்கியல் படிப்பித்தவர் தாங்களாதலின் கேட்கின்றேன்” என்று எழுதியிருந்தார். அவருக்கு யாம் வரைந்த மறுமொழியையே, மலர்க் குழுவினரின் வேண்டுகோளுக்கிணங்கச் சிறிது விரித்து ஈண்டுத் தருகின்றோம். கனடாவிலுள்ள கூட்டுக்கும் புத்தளத்துக்கும் என்ன தொடர்பு எனின், அக்கூட்டில் இருக்கவேண்டியவை யாவை என்னும் வினாவுக்கு விடை நம் கரையோரப் பற்றைகளிலே கிடக்கின்றது என்பதேயாம்.

பச்சை ஓந்தி பச்சோந்தியாயிற்று. ஓந்தி, ஓதி என்பன பழஞ்சொற்கள். பாலை வழியிற் செல்வோர் ஓதியை நிமித்தமாகக் கொள்ளும் வழக்கம் குறுந்தொகையிலும் வருகின்றது. அங்கே கூறப்பட்டது ஓணானா, பச்சோந்தியா என்று புலவர்கள் வேண்டுமாயின் வாதிடட்டும். ஆனால் இக்காலத்தில் இரண்டையும் ஒன்றென மயங்குதல் தவறு. ஓணான் ஓடும், பச்சோந்தி நடக்கும். அந்நடையும் காற்றிலாடும் இலையைப்போல முன்னும் பின்னும் அசைந்தசைந்து செல்லும் நடையாகும். ஓணானின் விரல்கள் தனித்தனியே பிரிந்தவை. பச்சோந்தியின் விரல்களோ குறடு போல இரு கூறாகப் பிணைந்தவை: முன்காலில் உட்புறம் மூன்று, வெளிப்புறம் இரண்டு, பின்காலில் உட்புறம் இரண்டு, வெளிப்புறம் மூன்று. வால் ஐந்தாவது கையாகிக் கிளையைச் சுற்றும். பல்லியின் வாலைப்போல அறுந்தால் மீண்டும் வளர்வதன்று அவ்வால். இமைகள் ஒட்டி, நடுவிற் சிறு துளை மட்டும் விட்ட கண்கள் இரண்டும் ஒன்றையொன்று சாராது வெவ்வேறு திசைகளை நோக்கும்.

விலங்கியலார் நம் நாட்டுப் பச்சோந்தியைக் கமீலியோ செய்லானிக்கஸ் என்பர். பின்மொழியின் பொருள் ‘இலங்கைக்குரியது’ என்பதாம். 1768 இல் வியன்னா நகரத்து லோரென்டி என்பார் இட்ட பெயர் அது. உலகில் 200க்கு மேற்பட்ட பச்சோந்தியினங்கள் உள. அவற்றுள் ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர்த் தீவிலும், எஞ்சியவற்றுட் பெரும்பாலன ஆபிரிக்காவிலும் வாழ்கின்றன. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வாய்த்தது இந்த ஓரினமே. ஈரமும் குளிரும் மிக்க மலைநாட்டை அது நாடுவதில்லை. வறண்ட வலயத்தின் பற்றைக்காடே அதற்கு வீடு. நம் மாவட்டத்தில் வில்பத்துவின் ஓரங்களிலும், எழுவன்குளத்துப் பாதையின் இருமருங்கிலும், விடத்தலும் ஆவாரையும் நாயுண்ணியும் பின்னிக் கிடக்கும் இடங்களில் அதனைக் கண்டிருக்கின்றோம். கண்டிருக்கின்றோம் என்பதிலும் பார்க்க, தேடாத வேளையில் அது எம் கண்ணிற் பட்டது என்பதே பொருந்தும்.

மேலே செல்லுமுன் ஓர் எச்சரிக்கை. இங்குள்ள மாணவர் எவரும் இக்கட்டுரையைப் படித்துவிட்டுப் பற்றைக்குள் இறங்குதல் வேண்டா. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இப்பிராணியைக் காக்கின்றன. அனுமதியின்றி அதனைப் பிடித்தலும், கூட்டில் வைத்தலும், விற்றலும் குற்றமாகும். நாடுகளுக்கிடையே நடைபெறும் வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பிலும் அது சேர்க்கப்பட்டுளது. கனடாச் சிறுமியிடம் உள்ளது நம் நாட்டினமன்று. யேமன் நாட்டையும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்டு, தலையில் உயர்ந்த கொண்டையுடன் விளங்கும் யேமன் பச்சோந்தி அது. மேல்நாடுகளிற் கூட்டிலேயே இனம்பெருக்கி விற்கப்படுவது அவ்வினமே. காட்டிற் பிடித்த பச்சோந்தி கூட்டில் நெடுநாள் தரியாது. கூட்டிற் பிறந்தது தகுந்த பேணுதல் இருப்பின் ஐந்து முதல் எட்டாண்டு வரை வாழும்.

காட்டிற் பிடித்தது தரியாது என்பதை யாம் நூலிற் கற்றோமல்லோம். எமக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது மேற்சொன்ன பாதையோரத்தில் ஒரு பச்சோந்தியைப் பிடித்து வந்தோம். அக்காலத்தில் அதனை ஒருவரும் குற்றமெனக் கருதவில்லை. பழைய சவர்க்காரப் பெட்டியொன்றை நிறுத்தி, அடியில் மணல் பரப்பி, நடுவில் ஒரு பூவரசங் கிளையை நட்டு, மூலையில் ஒரு சிரட்டை நிறையத் தண்ணீர் வைத்து, முன்புறத்தைக் கண்ணாடித் துண்டினால் மூடினோம். அடித்துக் கொன்ற ஈக்களைச் சிறங்கை சிறங்கையாய் உள்ளே போட்டோம். பெட்டியை அடுப்படித் திண்ணையில் வைத்து, வந்தவர் போனவர்க்கெல்லாம் திறந்து காட்டினோம். சிவப்புத் துவாய் ஒன்றின்மேல் விட்டு அது சிவக்கும் என்று காத்திருந்தோம். சிவக்கவில்லை, கரும்புள்ளிகள் தோன்றி, உடல் பருத்து, வாயைப் பிளந்து சீறிற்று. நிறம் மாறிவிட்டது என்று கைதட்டினோம். ஐந்தாம் நாள் தொடக்கம் அது சீறவில்லை, அலையவுமில்லை. பகலிலும் கண்களை மூடிக் கிளையைப் பற்றியபடி அமைதியாய் இருந்தது. பழகிவிட்டது என்று வீட்டிற் சொன்னோம். ஒன்பதாம் நாட் காலையில் அது கிளையிலிருந்து விழுந்து கிடந்தது. சிரட்டைத் தண்ணீர் ஊற்றியவாறே இருந்தது.

பச்சோந்தியைப் பொறுத்தவரை அமைதி மனநிறைவுக்கு அறிகுறியன்று. நாய் வாலாட்டும், பசு கத்தும், கிளி இறகைப் பிய்க்கும். பச்சோந்தியோ நோயையும் அச்சத்தையும் மறைப்பதையே உயிர்காக்கும் வழியாகக் கொண்டது. நோயுற்றது என்று பருந்து கண்டுகொண்டால் அன்றே அதன் கதை முடிந்தது. ஆதலின் அதன் அமைதியைக் கண்டு மகிழாது, வேறு குறிகளைத் தேடவேண்டும்.

தண்ணீரை முதலிற் சொல்லுவோம். எமது பச்சோந்தியைக் கொன்றது அதுவேயன்றோ. தேங்கி நிற்கும் நீரைப் பச்சோந்தி நீரென்று அறிவதில்லை. மரத்தில் வாழும் அதற்கு நீர் என்பது இலைநுனியில் அசைந்து ஒளிரும் துளியே. புத்தளத்தில் ஐப்பசி முதல் மார்கழி வரை நன்றாகப் பெய்யும் மழை, சித்திரையில் மீண்டும் சிறிது தலைகாட்டும். வைகாசிக்குப் பின்னர் ஆவணி, புரட்டாதி வரை வறட்சியும் காற்றுந்தான். குளங்கள் வற்றிய அந்நாட்களிலும் பற்றையில் வாழும் பச்சோந்தி விடியற்காலைப் பனித்துளியை இலையிலிருந்து நக்கிப் பிழைக்கின்றது. ஆதலாற் கூட்டில் நாளுக்கு இரண்டு மூன்று முறை இலைகளின்மீது மென்தூறலாய் நீர் தெளித்தல் வேண்டும். கூட்டின் மேலே சிறு துளையிட்ட பாத்திரமொன்றை வைத்து இலைமீது சொட்டுச் சொட்டாக விழச்செய்தல் அதனினும் நன்று. பச்சோந்தி அவசரமாகக் குடிக்கும் பிராணியன்று; துளி விழத் தொடங்கி நெடுநேரம் யோசித்த பின்னரே நாவை நீட்டும். தெளித்த நீர் அடுத்த தெளிப்புக்கு முன்னர் உலரவும் வேண்டும். ஓயாத ஈரம் நெஞ்சுநோயைக் கொணரும். போதிய நீர் கிடைத்ததா என்பதை எச்சத்தில் அறியலாம்: அதன் வெண்பகுதி வெண்மையாகவே இருப்பின் நன்று, மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறுமாயின் தாகம். கண்கள் குழிவிழுந்தால் தாகம் முற்றிவிட்டது என்று கொள்க. பகலிற் கண்மூடியிருத்தல் எந்நிலையிலும் நோய்க்குறியே. எமது பெட்டிக்குள் இருந்த பச்சோந்தி நான்கு நாட்களாக எமக்கு அதனையே சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்தது கூடு. அகலத்திலும் உயரமே முக்கியம். வளர்ந்த யேமன் பச்சோந்திக்கு இரண்டடி நீளமும் இரண்டடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள கம்பிவலைக் கூட்டினைப் பழகியோர் விதிக்கின்றனர். முழுதும் கண்ணாடியாலான பெட்டியில் காற்றோட்டம் குறையும்; அதன்றியும் தன் நிழலுருவையே அது பகையெனக் கண்டு நாளெல்லாம் நிறமேறி நிற்கும். கடுங்குளிர் நாட்டில் கம்பிவலை சூட்டை நிறுத்தாதெனின், மூன்று பக்கங்களைப் பலகையால் அடைக்கலாம். உள்ளே ஒரு கிளை போதாது. சாய்ந்தும் கிடந்தும் பலவாறாகச் செல்லும் கிளைகள் வேண்டும், பாதத்தின் குறடு பற்றத்தக்க பருமனில். இலைச்செறிவு வேண்டும், அது விரும்பும்போது நம் பார்வையினின்று முற்றாக மறையத்தக்க அளவில். யேமன் பச்சோந்தி இலைகளையும் கடித்துத் தின்னுமாதலின் நச்சுச் செடிகளை விலக்குக. நிலத்தில் வைத்த கூட்டில் அது நம்மைத் தன் மேலே காணும். மேலிருந்து வருவது எதுவாயினும் அதற்குப் பருந்தே. கூட்டை மேசைமேல் ஏற்றி, அதன் உச்சிக்கிளை நம் தலைக்கு மேலிருக்குமாறு வைத்தால் பாதிக் கவலை ஒழியும்.

வெளிச்சத்தைப் பற்றி எம் மாணவர்க்குச் சிறிது விரிவாகவே எழுதினோம். புத்தளம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டுப் பாகை வடக்கே உள்ளது. இங்கே உப்பளத்தில் வேலைசெய்வார்க்குத் தெரியும், நம் வெயிலின் வலிமை. அவ்வெயிலில் உள்ள ஊதாக்கடந்த கதிர்கள் தோலிற் பட்டே பச்சோந்தியின் உடலில் விற்றமின் டி உண்டாகின்றது. அது இல்லையேல் உண்ட கல்சியம் எலும்பிற் சேராது. எலும்பு மென்மையாகிக் கால்கள் வில்லாய் வளையும், தாடை தளரும், கிளையைப் பற்றமாட்டாது விழும். கனடாவில் மாரிகாலத்துச் சூரியன் அதற்குப் போதாது. சாளரக் கண்ணாடியூடாக வரும் வெயில் எவ்வளவு பளிச்சென்று இருப்பினும் பயனில்லை. அக்கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். ஆதலால் அவற்றைத் தரும் தனி மின்குமிழ் கூட்டின் மேலே பன்னிரண்டு மணிநேரம் எரிதல் வேண்டும். இங்கே ஒரு சூது உண்டு. அக்குமிழ் பழையதாகும்போது கண்ணுக்குத் தெரியும் ஒளி குறைவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கதிரே முதலிற் குறைகின்றது. எனவே எரிகின்றதே என்றிராது, செய்தவர் குறித்த காலத்தில், பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள், மாற்றிவிட வேண்டும். வெயில்காய ஓரிடத்தில் 30 பாகை செல்சியசை ஒட்டிய சூடு இருக்கலாம். எங்கும் ஒரே சூடு கூடாது; பற்றையில் உச்சிக்கும் அடிக்கும் வெப்பநிலை வேறுபடுதல் போலக் கூட்டிலும் வேறுபடுதல் வேண்டும். சூட்டுக்குமிழ் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பின், தோல் சுடுவதை உணராது அதனருகிலேயே இருந்து வெந்துபோன பச்சோந்திகள் பல. இரவில் ஒளி வேண்டா; சிறிது குளிர்தலும் நன்றே.

உணவைப் பொறுத்தவரை அசையாத எதுவும் அதற்கு இரையாகத் தோன்றாது. எம் செத்த ஈக்கள் செத்த ஈக்களாகவே கிடந்தன. சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, பட்டுப்புழு முதலியவற்றை உயிரோடு விடவேண்டும். அவற்றுக்கு முதல்நாள் நல்ல கீரையும் பழமும் கொடுத்து, விடும்போது கல்சியத் தூள் தூவுதல் முறை. தின்னாது விடப்பட்ட சுவர்க்கோழிகளை இரவில் விட்டுவைத்தால் அவை உறங்கும் பச்சோந்தியைக் கடிக்கும். மின்மினியைக் கொடுத்தல் ஒருபோதும் ஆகாது. மேல்நாட்டு மின்மினிகளில் உள்ள நஞ்சு ஒன்றிரண்டு பூச்சியளவிலேயே உயிரைப் போக்கும். இனி, அந்நாவின் விந்தையைச் சொல்லாது விட மனம் வரவில்லை. உடலின் நீளத்தையும் மிஞ்சும் அந்நா, தசையின் வலியால் மட்டும் பாய்வதன்று. முன்னரே வளைத்து வைத்த வில்லை விட்டாற் போல, மீள்தன்மையுடைய இழைகளிற் சேர்த்த வலியால் பாய்கின்றது. அதனாலேயே உடல் குளிர்ந்து விறைத்த காலையிலும் நா பிசகுவதில்லை. நாநுனியிலுள்ள பசை மனிதனின் உமிழ்நீரிலும் ஏறக்குறைய 400 மடங்கு பாகுத்தன்மை உடையது என்று 2016 இல் ஆய்வாளர் அளந்து கூறினர். குறி தவறுவது அடிக்கடி நிகழின், அது விளையாட்டன்று. கண்ணிலோ உணவுச் சத்திலோ குறையுண்டு.

நிறத்துக்கு வருவோம். கட்சி மாறுவோரைப் பச்சோந்தி என்று ஏசுதல் நம் பத்திரிகைகளின் வழக்கம். உண்மையிற் பச்சோந்தி சேர்ந்த இடத்துக்கேற்ப நிறம் மாறுவதில்லை. தன் உள்ளத்துக்கும் உடற்சூட்டுக்கும் ஏற்பவே மாறுகின்றது. அவ்வகையில் அது மேற்படி மனிதரிலும் உண்மையுள்ள பிராணி. 2015 இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார், மடகாஸ்கர்ப் பச்சோந்தியொன்றின் தோலில் நுண்ணிய குவானின் பளிங்குகள் அடுக்கடுக்காய் அமைந்த கலங்கள் உள்ளமையையும், அப்பளிங்குகளின் இடைவெளி கூடிக் குறைதலால் தெறிக்கும் ஒளியின் நிறம் மாறுதலையும் காட்டினர். அது தளர்ந்திருக்கும்போது இடைவெளி சிறிது. நீல ஒளி தெறித்து, தோலின் மஞ்சளொடு கலந்து பச்சையாகும். கிளர்ச்சியுறும்போது இடைவெளி விரியும். மஞ்சளும் சிவப்பும் தோன்றும். எனவே கூட்டை வைத்திருப்போர் நிறத்தைப் படிக்கப் பழகவேண்டும். காலையிற் கருமையாய் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கி ஒளிக்குக் காட்டுதல் வெயில் காய்வதாகும், அதற்கு அஞ்சவேண்டா. இரவில் வெளிறி வாலைச் சுருட்டி உறங்குதல் நலம். பகலில் தெளிந்த பச்சையாய், கண்கள் இடையறாது சுழன்றபடி, மெல்ல நடந்து இலைகளுக்கிடையே போய்வருதலே மனநிறைவுக்கு நாம் அறிந்த சிறந்த குறி. நண்பகலிற் கரும்புள்ளிகளோடு உடல் தட்டையாகி வாய்பிளத்தல் சினமும் அச்சமும். சூட்டில் வாய்திறந்திருத்தல் வெப்பம் மிகுந்தமை. சூடில்லாதபோதும் வாய்திறந்து மூச்சு இரையுமாயின் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியதே. ஓயாது கம்பிவலையில் ஏறியிறங்குதல் ‘இங்கே இருக்க விரும்பவில்லை’ என்பதன் பொருள்.

தனிமையை அது தண்டனையாகக் கொள்வதில்லை; பேறாகவே கொள்ளும். துணையாக இன்னொன்றை வாங்கிவிடுதல் அன்பினாற் செய்யும் கொடுமை. கூடுகள் இரண்டாயினும் ஒன்றையொன்று காணாதவாறு மறைத்தல் வேண்டும். நம்மையும் அது துணையாகக் கொள்வதில்லை. தூக்க நேரின் மேலிருந்து பிடியாது, கையைக் கிளைபோல அதன் முன்னே தாழ்வாக நீட்டி, அது தானே ஏறும்வரை காத்திருத்தல் முறை. ஏறாவிடின் அன்றைக்கு விட்டுவிடுக. இச்செய்தி சிறுமிக்கு வருத்தந் தந்தது என்று தந்தையார் பின்னர் எழுதினார். அவள் அதனைத் தோளிலேற்றிப் பள்ளித் தோழியருக்குக் காட்டி வந்தாளாம். அடுப்படித் திண்ணை எம் நினைவுக்கு வந்தது.

பெண்பச்சோந்திக்கு இன்னுமொரு தேவை உண்டு. மரத்தில் வாழும் அது முட்டையிட மட்டும் நிலத்துக்கு இறங்கும். நம் நாட்டுப் பச்சோந்தி ஐப்பசி மழையை ஒட்டி மண் நெகிழ்ந்தபோது இறங்கிக் குழி தோண்டிப் பத்து முதல் முப்பது முட்டை வரை இடும். மழைக்காலத்தில் அனுராதபுர வீதியிலும் கற்பிட்டி வீதியிலும் வாகனம் ஓட்டும் பழைய மாணவர்கள் இதனை நினைவிற் கொள்வாராக. வீதியின் நடுவில் இலையொன்று காற்றில்லாமலே அசைந்து செல்வது போலத் தோன்றினால் வேகத்தைக் குறையுங்கள். அதற்கு நஞ்சில்லை, கல்லெறிய வேண்டிய காரணமும் இல்லை. ஒரு தடியை முன்னே நீட்டினால் அதனைப் பற்றி ஏறிக்கொள்ளும்; அது போகவிருந்த பக்கத்துப் பற்றையில் தடியோடு விட்டுவிட்டு நம் வழியே போகலாம்.

யேமன் பச்சோந்தியின் பெண்ணோ ஆண்துணை இன்றியும் முட்டை கட்டும். தோண்ட மண் இல்லையெனின் இடாது அடக்கி அதனாலேயே இறக்கும். எம் மாணவரின் மகளிடமிருந்தது ஆணா, பெண்ணா என்று அவர் அறிந்திருக்கவில்லை. பின்காலின் குதியிற் சிறு முள்போன்ற குமிழ் இருப்பின் ஆண், இல்லையெனின் பெண் என்று எழுதினோம். குமிழ் இல்லை என்று விடை வந்தது. ஓரடி ஆழமான வாளியில் ஈரமணலும் மண்ணும் கலந்து, தோண்டினாற் சரியாத பதத்தில் கூட்டினுள் வைக்குமாறு உடனே மறுமொழி அனுப்பினோம்.

தைமாதத்தில் அடுத்த கடிதம் வந்தது. இரண்டு நாள் உண்ணாது கூட்டின் அடியில் அலைந்த பச்சோந்தி, மூன்றாம் நாள் வாளிக்குள் இறங்கிற்றாம். கூட்டைத் துணியால் மறைத்து எவரும் கிட்டச் செல்லாது இருந்தனராம். மறுநாள் மாலையில் அது மண்படிந்த முகத்தோடு மேலேறி, சொட்டும் நீரை நெடுநேரம் குடித்தது என்றும், மண்ணைக் கிண்டியபோது முப்பத்தெட்டு முட்டைகள் இருந்தன என்றும், அவற்றை என்ன செய்வது என்று மகள் கேட்கின்றாள் என்றும் எழுதியிருந்தார். ஆண் இல்லாமையால் அவை பொரிக்கமாட்டா, எடுத்துவிடலாம் என்றும், தாய்க்குச் சில வாரங்களுக்கு நீரும் கல்சியமும் சற்று மிகுதியாக வேண்டும் என்றும், வாளி மட்டும் கூட்டிலேயே இருக்கட்டும் என்றும் எழுதி அனுப்பினோம்.